தண்டம் கேட்டு வரும் ஓலை

‘சலான்’ என்றால் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது பாங்கியில் பணம் கட்டும் சீட்டு. தேர்வுக் கட்டணத்துக்குச் சலான் எழுதி, படிக்குப் படி கையெழுத்திட்டு, வரிசையில் நின்று பழகியவர்கள் நாம். டில்லிக்கு வந்த முதல் வாரத்தில் எங்கள் விடுதிக் காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, “சாலான் கட் கயா” என்று புலம்பினார். யாரோ ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்ததற்கு இவர் ஏன் இப்படிக் கலங்குகிறார் என்று எண்ணிக்கொண்டேன். இவ்வூரில் சாலான் என்பது வண்டியோட்டிக்கு விதிக்கும் அபராதச் சீட்டு என்பதும், ‘கட்டு’ என்று அவர்கள் சொல்வது நம் தமிழ்க் ‘கட்டு’ அன்று, அடிக்கட்டையிலிருந்து சீட்டைக் கிழித்தெடுப்பது என்பதும் பின்னர்தான் விளங்கின.

அந்தச் சீட்டை இப்போது எவரும் கிழிப்பதில்லை. சந்தியில் கம்பத்தின் மேல் இருக்கும் காமிரா வண்டி எண்ணைப் படிக்கிறது. அல்லது காவலர் தம் கையிலுள்ள சிறு பொறியில் எண்ணைத் தட்டுகிறார். சற்றுப் பொறுத்துக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுகிறது. இதுவரை சரி. யாருடைய கைப்பேசியில் விழுகிறது என்பதுதான் கேள்வி. நம் மன்றத்து அன்பர்களுள் வண்டி வைத்திருப்போரைக் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருடைய வண்டி தகப்பனார் பெயரிலோ தமையனார் பெயரிலோ இருக்கிறது. மீதிப் பேர் படிப்பை முடித்துப் போன மூத்த மாணவரிடம் கைமாற்றாக வாங்கியவர்கள். ஆக, தவறு செய்பவர் இங்கே. ஓலை போய்ச் சேருவது எங்கோ. இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததும் அதனாலேதான்.

என் வண்டி என் தந்தையாருடையது. கோவில்பட்டிக்கருகில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவர், பத்து ஆண்டுகள் தாம் ஓட்டிய மோட்டார் சைக்கிளை, பெட்ரோலை வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் எனக்கு அனுப்பி வைத்தார். பதிவு அவர் பெயரில். பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண்ணும் அவருடையது. எட்டு மாதம் ஒரு குறையுமில்லை. ஒருநாள் இரவு அழைத்தார்.

“ஏய்யா, வண்டிய யாருக்கும் குடுத்தியா?”

“இல்லப்பா. ஏன்?”

“போலீசுலயிருந்து மூணு தபா மெசேஜ் வந்திருக்கு. மொத ரெண்டு பாங்கி மெசேஜின்னு விட்டுட்டேன். இன்னிக்கு வாட்ஸாப்புல வந்திருக்கு. போட்டோ இருக்காம், எதையோ ஏத்தச் சொல்லுது. அமுக்குனேன், போனு சிவப்பாக் காட்டி வேண்டாம்னுச்சு. அதான் ஒங்கிட்டக் கேட்டுக்கிடுவோம்னு.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுவாரம் கட்டவேண்டிய என் பருவக் கட்டணம் முழுவதும் அந்தக் கைப்பேசியோடு இணைந்த கணக்கில்தான் இருந்தது. ஒன்றையும் தொடவேண்டாம் என்று சொல்லி, மூன்று செய்திகளையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அன்றிரவு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று மெய், ஒன்று பிழை, ஒன்று பொய் என்று தெரிந்தது. மூன்றையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இங்கு நான் கூற வந்தது.

முதலில் பொய்யைப் பார்ப்போம், அவசரம் அதற்குத்தான். அந்த வாட்ஸாப்புச் செய்தியில் அரசு முத்திரை இருந்தது. எங்கள் வண்டியின் எண் சரியாக இருந்தது. தந்தையார் நம்பியதற்குக் காரணமே அதுதான். வண்டி எண் என்பது இரகசியமன்று. பலகையில் எழுதி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு போகிற ஒன்று. அதைத் தெரிந்து வைத்திருப்பதனால் ஒருவன் காவல்துறை ஆகிவிடமாட்டான். செய்தியின் அடியில் ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புதிய செயலியை ஏற்றும் கோப்புக்குத்தான் அந்த முடிவு. ஒரு புகைப்படத்தைப் பார்ப்பதற்குச் செயலி எதற்கு? ஏற்றினால் அது முதலில் கேட்பது, வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி. கொடுத்துவிட்டால் பாங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்கள் நமக்குத் தெரியும் முன்னே எவனோ ஒருவனுக்குப் போய்விடும். அபராதம் வசூலிக்கும் எந்த அரசுத் துறையும் வாட்ஸாப்பில் செயலிக் கோப்பை அனுப்பி ஏற்றிக்கொள்ளச் சொல்வதில்லை.

வேறொரு வகைப் பொய்யும் உண்டு. அது கோப்பை அனுப்பாது. ஒரு தள முகவரியை அனுப்பும். தட்டினால் அரசுத் தளத்தைப் போலவே அச்சு அசலாக ஒரு பக்கம் திறக்கும். இங்கே கண்ணை நம்பிப் பயனில்லை. முகவரியைப் படிக்கத் தெரியவேண்டும். தள முகவரியைத் தபால் உறையைப் படிப்பது போலப் படிக்கவேண்டும் என்பேன். உறையில் ‘காந்தி வீதி’ என்று இருக்கலாம். காந்தி வீதி எல்லா ஊரிலும் உண்டு. எந்த ஊர் என்று தீர்மானிப்பது கடைசி வரிதான். அவ்வாறே, தளப் பெயரில் ‘சலான்’, ‘பரிவாஹன்’ என்ற சொற்கள் வருவதால் ஒன்றும் நிச்சயமில்லை. அவற்றை எவரும் விலைக்கு வாங்கித் தம் தளத்துக்குச் சூட்டிக்கொள்ளலாம். முதல் சாய்கோட்டுக்கு முன்னால், பெயரின் வால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்துக்கள், ஒரு புள்ளி, பிறகு ஐ, என். இந்த ‘கவ்.இன்’ என்ற வால் அரசு நிறுவனங்களுக்கே வழங்கப்படுவது. வெறும் ‘இன்’ என்றோ ‘காம்’ என்றோ முடிந்தால் அது அரசின் தளமன்று. இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. வந்த செய்தியிலுள்ள முகவரியைத் தட்டவே வேண்டாம். தளத்தின் பெயரை நாமே எழுத்தெழுத்தாக இட்டுத் திறப்போம். அபராதம் மெய்யானால் அங்கும் இருந்தே தீரும்.

பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். இணையக் குற்றங்களுக்கு நாடு முழுவதுக்கும் உரிய எண் அது. எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. என் தந்தையார் விஷயத்தில் அந்த எல்லை வரை போகவில்லை. அவருடைய கைப்பேசிக்கு நன்றி.

இனி மெய்யானதற்கு வருகிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் அமைத்த தளம் ‘இ-சலான்.பரிவாஹன்.கவ்.இன்’ என்பது. வண்டிகளின் பதிவேட்டுக்கு ‘வாஹன்’ என்றும், ஓட்டுநர்களின் பதிவேட்டுக்கு ‘சாரதி’ என்றும் பெயர். திருவல்லிக்கேணிப் பெருமாளின் பெயரில் பாதியை ஒரு கணிப்பொறிப் பதிவேட்டுக்கு வைத்தவர் யாரோ, ரசிகர்தான். இவ்விரு ஏடுகளோடும் இ-சலான் இணைந்திருப்பதால், டில்லியில் எழுதிய சீட்டுத் தமிழ்நாட்டு எண்ணோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மாநிலம் தாண்டிவிட்டோம், யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்த காலம் மலையேறிவிட்டது.

அங்கே சலானின் நிலையைப் பார்க்க மூன்று வாயில்கள் இருக்கின்றன: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். செய்தியில் சலான் எண் இருந்தால் முதல் வாயிலே எளிது. ஆனால் நான் சொல்வது, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். செய்தி வராமலே தங்கிவிட்ட சீட்டு ஏதேனும் இருந்தால் அப்போது வெளிப்படும். வண்டி எண் வழியாகப் போனால் சேஸிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துக்களையும் கேட்கும். கண்டவரெல்லாம் நம் கணக்கைப் பார்க்காதிருக்க இந்த ஏற்பாடு. அவை ஆர்.சி. என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றில் இருக்கும். தகப்பனார் பெயரிலுள்ள வண்டியின் சான்று மகனுடைய டிஜிலாக்கரில் இறங்காது, பெயர் பொருந்தவேண்டும். ஆகவே ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். என்னிடம் இருந்த நகல் மங்கலாக இருந்தது. ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தா, சுழியமா என்று தெரியாமல் நாலு முறை தவறாக இட்டேன். அதற்கு நடுவே, நான் மனிதன்தான் என்று மெய்ப்பிக்கக் கோணல்மாணலான எழுத்துக்களைப் படித்துச் சொல்லும் சோதனை வேறு. கல்வெட்டுப் படித்தவர்களுக்கு அது எளிதாக இருக்கும் போலும்.

திறந்தால் ஒரு பட்டியல் வரும். சீட்டு எண், எந்த மாநிலம், எந்தத் துறை, நாள், தொகை, நிலை. கடைசியில் உள்ள அந்த ‘நிலை’யைத்தான் ஊன்றிப் பார்க்கவேண்டும். நிலுவை என்றிருந்தால் அங்கேயே கட்டலாம். தீர்ந்தது என்றிருந்தால் ரசீதை இறக்கிக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்றிருந்தால் பாதை வேறு; அதைப் பின்னர் சொல்கிறேன். மராட்டியம், தெலங்கானா முதலிய சில மாநிலங்களில் காவல்துறைக்கே தனித் தளமும் உண்டு. டில்லியிலும் போக்குவரத்துக் காவல்துறையின் தளத்தில் வண்டி எண்ணை இட்டுக் காமிரா அறிவிப்புகளைப் பார்க்கலாம். விடுமுறைக்குப் புனேக்கு வண்டியில் போய் வந்தவர் இரண்டிடத்திலும் பார்ப்பது நலம்.

என் முதல் செய்தி இங்கே மெய்யாயிற்று. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு, ஆடிக் கிருத்திகையன்று, தரிசனத்துக்கென்று சொல்லிப் பிரசாதத்துக்காகப் போன மாலை அது. சிவப்பு விளக்குக்கு நின்றேன், நின்றது உண்மை, ஆனால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, நடந்து கடப்போருக்குரிய பட்டைகளின் மேல் நின்றேன். பின்னாலிருந்து எடுத்த படத்தில் வண்டி எண்ணும், கோடும், என் முதுகும் ஐயத்துக்கு இடமின்றி விழுந்திருந்தன. முருகன் பொறுத்தான், காமிரா பொறுக்கவில்லை. தொகை 500 ரூபாய்.

இந்த 500 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 177-ஆம் பிரிவு பொதுவான தவறுகளுக்கு உரியது. முதலில் அதன் உச்சம் 100 ரூபாய்தான். 2019-இல் திருத்தச் சட்டம் வந்து, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து அபராதங்கள் பன்மடங்காயின. அந்த 100 ரூபாய் 500 ஆயிற்று. மறுமுறை செய்தால் 1,500. தலைக்கவசம் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். அதோடு மூன்று மாதம் உரிமத்துக்குத் தடையும் சட்டத்தில் உண்டு. மூவர் ஏறிப் போனாலும் அவ்வாறே. உரிமமின்றி ஓட்டினால் 5,000. காப்புறுதி இல்லாவிட்டால் முதல்முறை 2,000, அடுத்தமுறை 4,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறுவர் கையில் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும். சட்டத்தை நடத்தவேண்டிய அதிகாரியே மீறினால் இருமடங்கு என்று 210-பி பிரிவு சொல்கிறது. படிக்க இனிய பிரிவு.

தலைநகரில் நம் மாணவர்களை வீழ்த்துவது இவற்றுள் எதுவுமன்று. புகைச் சான்று! ஊரில் அதை யார் கேட்டார்கள்? இங்கே கேட்கிறார்கள். வண்டி பதிவாகி ஓராண்டு கழிந்தபின் காலந்தோறும் புகையைச் சோதித்துச் சான்று வாங்கவேண்டும். அது காலாவதியாகியிருந்தால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை போகும். பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடமும் சிறு தொகையும் செலவிட்டால் கிடைக்கும் சீட்டு அது. எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நாடெங்கும் செல்லும்.

ஒரே தவறுக்கு ஓரிடத்தில் ஒரு தொகையும் வேறிடத்தில் வேறு தொகையும் இருப்பதைக் கண்டு சிலர் ஐயுறுகிறார்கள். சட்டம் வகுப்பது பெரும்பாலும் உச்ச எல்லையை. நீதிமன்றம் போகாமல் இன்ன தொகை பெற்றுக்கொண்டு வழக்கை முடிக்கலாம் என்று அறிவிக்க 200-ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. 2019 செப்டம்பரிலேயே குஜராத் தலைக்கவசத்துக்கான தொகையை 500 ஆகக் குறைத்தது. ஆகவே ஊர் நண்பன் கட்டிய தொகையை வைத்து இங்கே கணக்குப் போடவேண்டாம்.

பணம் கட்டுவது ஐந்து நிமிட வேலை. கைப்பேசி எண்ணைக் கேட்டு ஓ.டி.பி. அனுப்பும், அதை இட்டபின் பாங்கி வாயிலுக்குப் போகும். எனக்கு அங்கேதான் ஓர் இடறல். கணக்கில் பணம் கழிந்துவிட்டது; தளமோ நிலுவை என்றே காட்டிற்று. பக்கத்து அறை நண்பர் இன்னொருமுறை கட்டிவிடு என்றார். கட்டவில்லை, நல்லதாயிற்று. இத்தகைய வேளைகளில் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். முடிவாகாத பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் ஓர் இடம் அத்தளத்திலேயே இருக்கிறது. மறுநாள் மாலை பார்த்தபோது தீர்ந்தது என்று மாறியிருந்தது. ரசீதை இறக்கித் தந்தையாருக்கு அனுப்பினேன்.

இனி இரண்டாவது செய்தி; பிழையானது. நாங்கள் இருவருமே கால் வைத்திராத ஒரு நகரத்தில், எங்கள் வண்டி வேகவரம்பை மீறிவிட்டதாம். அபராதம் 1,000 ரூபாய். குறிப்பிட்ட நாளில் வண்டி எங்கள் விடுதிக் கொட்டகையில் காற்றில்லாத சக்கரத்தோடு நின்றது. இதைச் சொன்னதும் தந்தையார் சொன்ன பதில் எனக்கு வருத்தமாக இருந்தது.

“ஆயிரம் ரூவாதானய்யா, கட்டிருவோம். போலீசு கேசுன்னு எம்பேருல எதுக்கு?”

முப்பது ஆண்டு வியாபாரத்தில் ஒருமுறைகூடக் காவல் நிலையப் படி ஏறாதவர் அவர். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பதையும், அவர் பெயரில் அது பதிவாகி நிற்கும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். நம்முடையதல்லாத தவறுக்கு அஞ்சிப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவாரம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

காமிராவால் எழுதும் சீட்டுக்கு விதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. அதன்படி அறிவிப்பில் தவறும் வண்டி எண்ணும் தெளிவாகத் தெரியும் படம் இருக்கவேண்டும். கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுப் பதிவுக்குரிய சான்று ஆகியவை இருக்கவேண்டும். தவறு நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்படவேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். காமிரா உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகையும் நிறுத்தப்படவேண்டும். இவற்றை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறிவிப்பைத் திறந்து படத்தைப் பார்த்தாலே போதும்; பெரும்பாலோர் அதைக்கூடச் செய்யாமல் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைகிறார்கள்.

படத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரு வெள்ளைக் கார்! எண் பலகையில் புழுதி படிந்து, ‘எம்’ என்ற எழுத்தின் ஒரு கால் மறைந்து ‘என்’ போலத் தெரிந்தது. பொறி ‘என்’ என்றே படித்து எங்கள் தலையில் கட்டிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வேற்றுமை தெரியாத பொறியைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஒப்பமிடவேண்டிய மனிதர் ஒருவர் இருந்தாரன்றோ?

தளத்தில் முறையீட்டுக்கு ஓர் இடம் உண்டு. சலான் எண்ணைக் குறித்து, நான்கே வரியில் எழுதினேன்: எங்கள் வண்டி இருசக்கர வண்டி, படத்தில் இருப்பது கார், எண்ணில் இன்ன எழுத்துப் பிழையாகப் படிக்கப்பட்டுள்ளது, நீக்க வேண்டுகிறோம். பதிவுச் சான்றின் நகலும், எண் தெரியும்படி எடுத்த எங்கள் வண்டியின் படமும் இணைத்தேன். கோபத்தையும் தத்துவத்தையும் எழுதவில்லை. படிப்பவர் ஒருநாளில் நூறு படிப்பார். படமும் எண்ணுமே அவருக்கு வேண்டும். முறையீட்டு எண் ஒன்று வந்தது. பிறகு மூன்று வாரம் ஒரு செய்தியுமில்லை. அந்த மூன்று வாரமும் தந்தையார் இரவுதோறும் கேட்பார். நானும் இரவுதோறும் தளத்தைத் திறந்து பார்ப்பேன். இருபத்திரண்டாம் நாள் பட்டியலில் அந்த வரி இல்லை. பதில் கடிதம் ஒன்றும் வரவில்லை. வரி மறைந்ததே பதில் என்று கொண்டோம். பட்டியலின் படத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

குறித்த காலத்துக்குள் கட்டாமலும் முறையிடாமலும் விட்டால் என்ன ஆகும்? கெடு எத்தனை நாள் என்பதை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது தாண்டினால் சீட்டு நீதிமன்றம் ஏறும். இப்போது அதுவும் இணையத்தில்தான். போக்குவரத்து வழக்குகளுக்கான டில்லியின் முதல் இணையவழி நீதிமன்றம் தீஸ் ஹசாரியில் 2019 ஜூலை 26-ஆம் நாள் தொடங்கப்பட்டது. ‘வி-கோர்ட்ஸ்’ என்ற அரசுத் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்து, வண்டி எண்ணையோ கைப்பேசி எண்ணையோ இட்டால் நம் வழக்குத் தெரியும். நீதிபதி விதித்த தொகையும் இருக்கும். இரண்டு வழிகள் காட்டும். ஒப்புக்கொண்டு கட்டுகிறேன் என்பது ஒன்று. கட்டினால் வழக்கு முடிந்தது. எதிர்த்து வழக்காடுகிறேன் என்பது மற்றொன்று. அதை அழுத்தினால் வழக்கு அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்துக்குப் போகும். இந்த இரண்டாவதை விளையாட்டாக அழுத்திவிட்ட நண்பர் ஒருவரை அறிவேன். தேர்வு வாரத்தில் அவருக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது.

பழைய நிலுவை பல சேர்ந்துவிட்டவர்களுக்கு லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது. அங்கே முடிந்தால் முடிந்ததுதான், மேல்முறையீடு இல்லை. தொகையைக் குறைத்து முடித்துக்கொடுப்பதால் கூட்டம் மிகுதி. டில்லியில் துவாரகா, சாகேத், பாட்டியாலா ஹவுஸ் முதலிய நீதிமன்ற வளாகங்களில் நடக்கும். சில நாள் முன்னதாகக் காவல்துறைத் தளத்தில் அறிவிப்பை இறக்கவேண்டும். எந்த வளாகம், எந்த அறை, என்ன நேரம் என்பது அதிலேயே வரும். நாளொன்றுக்கு இத்தனைதான் என்று வரையறை இருப்பதால் காலையிலேயே முயலவேண்டும். அச்சிட்டுக் கையில் கொண்டு போங்கள். அங்கே அச்சிட இடமில்லை. குடித்து ஓட்டியது போன்ற வழக்குகளுக்கு அங்கே வழி கிடையாது.

கைமாற்று வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் விடுதிகளில் வண்டிச் சந்தை கூடுகிறது. மூத்தவர் சாவியைக் கொடுக்கிறார். இளையவர் பணத்தைக் கொடுக்கிறார். தேநீர் குடித்துக் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். தாள் மாறுவதில்லை. சட்டத்தின் 50-ஆம் பிரிவு, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வெளி மாநிலம் என்றால் 45 நாளிலும் தெரிவிக்கவேண்டும் என்றும், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் இதற்கானவை. தெரிவிக்காத வரையில் பதிவேட்டில் உரிமையாளர் பழையவரே. நீங்கள் இங்கே சிவப்பு விளக்கைத் தாண்டினால் திருச்சியில் வேலை பார்க்கும் அவர் கைப்பேசி ஒலிக்கும். ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் சொல்லவேண்டிய கடமையும் 133-ஆம் பிரிவின்படி உரிமையாளருடையது. நாளைக்கு விபத்து என்றால் நிலைமை இன்னும் கடினம். வாங்குமுன் அந்த எண்ணைத் தளத்தில் இட்டு நிலுவை உண்டா என்று பாருங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் தடைபடும். தீர்க்கவேண்டிய செலவும் உங்கள் தலையில் விழும்.

ஊரிலிருந்து வண்டி கொண்டு வந்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அவ்விடத்துப் பதிவெண் பெறவேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. எனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பதிவெண் பெறுவதா, வண்டியை மீண்டும் சாக்குச் சுற்றி ஊருக்கு அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை என் எண்ணையே பதிவேட்டில் சேர்த்துவிடலாம் என்று தந்தையாரிடம் சொன்னேன். பதிவேட்டில் கைப்பேசி எண்ணை மாற்ற வாஹன் தளத்தில் இடமிருக்கிறது. சேஸிஸ் எண், எஞ்சின் எண், பதிவு நாள் வேண்டும். அவர் இசையவில்லை.

“எனக்கே வரட்டும். நான் ஒனக்கு அனுப்புதேன்.”

காரணம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த 500 ரூபாய்ச் சீட்டுப் படத்தைத் தாம் அழிக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். தலைக்கவசம் மாட்டியிருந்தது தெரிந்ததாம். அம்மா எடுத்துக் கொடுத்த சட்டைதான் என்பதும் தெரிந்ததாம்.

“முதுகப் பாத்தேன். மெலிஞ்சு போயிட்டியேய்யா” என்றார்.